புகாருக்கும் தள்ளுபடி போட்டவன்

2003-ஆம் வருடம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய முதல் வாரம். ஆரணியில் ஒரு பட்டுப்புடவை மொத்த வியாபார அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, தினமும் பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

மூன்று தளக் கட்டடம். கீழ்த்தளத்தில் கணக்குப் பிரிவும், புடவைக்கு டேக் கட்டும் இடமும். முதல் மாடி முழுக்கப் புடவை இருப்பு. இரண்டாம் மாடியில் முதலாளியின் அறை, அதற்குப் பக்கத்தில் பழைய பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு மேஜை. மொத்தம் பதினோரு கம்ப்யூட்டர்கள். எந்தத் தளத்தில் கோளாறு வந்தாலும் இன்டர்காமில் என்னைக் கூப்பிடுவார்கள்.

கூப்பிடுவார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அலறுவார்கள் என்பதுதான் சரி. அங்கே யாருக்கும் கோளாறை உள்ளபடி சொல்லும் வழக்கமே கிடையாது. ‘கம்ப்யூட்டர் வெடிக்கப் போவுது’ என்று போன் வந்தால், கரண்ட் போய் யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்துகிறது என்று அர்த்தம். ‘பேய் புடிச்சிகினு ஆடுது’ என்றால், மவுசுக்கு அடியில் இருக்கும் உருண்டையில் பட்டு நூலின் பிசிறு சுற்றிக்கொண்டு அம்புக்குறி அங்குமிங்கும் தாவுகிறது. ‘ஒரு வருஷக் கணக்கும் காணோம்’ என்றால், யாரோ அந்தப் பக்கத்தைச் சிறிதாக்கிக் கீழே வைத்திருக்கிறார்கள். ‘செத்துப்போச்சு’ என்பது தினமும் இரண்டு தடவையாவது வரும். முக்கால்வாசி, மானிட்டர் பட்டனை யாராவது அணைத்திருப்பார்கள்.

இந்த அலறலில் முதல் இடம் எங்கள் கணக்கருக்கு. ஐம்பதைத் தாண்டியவர். இருபத்தைந்து வருடம் பேரேட்டில் கையால் கணக்கு எழுதியவரைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டி என்றைக்காவது ஒருநாள் தன்னைக் கொன்றுவிடும் என்று அவர் மனதார நம்பினார். பட்டு இருக்கும் இடம் என்பதால் எங்கள் அலுவலகத்தில் யாரும் செருப்போடு உள்ளே வரமாட்டோம். முதலாளியே வாசலில்தான் கழற்றிவிட்டு வருவார். கணக்கர் மட்டும் குதிகால் வலி, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஒரு காரணம் சொல்லி, நீலவார் போட்ட ஹவாய் செருப்பு ஒரு ஜோடியை மேஜைக்கு அடியில் வைத்துப் போட்டுக்கொள்வார். உண்மைக் காரணம் ஷாக் பயம். அது எல்லோருக்கும் தெரியும். அவர் நடந்து வரும் டப் டப் சத்தம் கேட்டாலே நாங்கள் கண்ணடித்துக்கொள்வோம்.

புகார்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார். நானும் எழுதினேன். ஆனால் மனதுக்குள் எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. யார் எதைச் சொன்னாலும் பத்தில் ஒன்பது பங்கைக் கழித்துவிடுவேன். மீதி இருப்பதுதான் கோளாறு. ‘துணிக்கு ஆடி மாசம்தான் தள்ளுபடி, என்கிட்ட வர்ற புகாருக்கு வருஷம் முழுக்கத் தள்ளுபடி’ என்று டீக்கடையில் நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அவர்களும் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் கணக்கு அநேகமாகச் சரியாகவே வந்துகொண்டிருந்தது. அதுதான் வினையாகப் போனது.

டேக் கட்டும் இடத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சந்தவாசல் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து வருவாள். அப்பா அம்மா இருவரும் வயல் கூலி. அவள் குடும்பத்தில் மாதச் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். தறியிலிருந்து வரும் ஒவ்வொரு புடவைக்கும் எண், எடை, டிசைன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சீட்டு அச்சடித்து, புடவையில் கட்டுவது அவள் வேலை. வைகாசி முகூர்த்தத்துக்குப் புடவை போகும் நேரம். அவளைச் சுற்றி எப்போதும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சேலையைப் பிரித்து மடிக்கும்போது முந்தானை ஓரத்திலிருந்து உதிரும் சரிகைத் துணுக்குகள் மேஜையிலும் தரையிலும் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

அவள் இன்டர்காமில் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இரண்டு மாடி ஏறி வந்து என் மேஜைக்கு எதிரே கதவோரம் நிற்பாள். நான் நிமிர்ந்து பார்க்கும் வரை வாய் திறக்கமாட்டாள்.

சித்திரை பிறந்த முதல் வாரத்தில் ஒருநாள் அப்படித்தான் வந்து நின்றாள்.

“சார், அந்தப் பொட்டியத் தொட்டா லேசா ஜிவ்வுனு இருக்குது.”

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் எழுந்திருக்கவில்லை. அவள் இருந்த மூலையில் சுவரில் இருந்தது பழைய இரண்டு ஓட்டை பிளக் பாயின்ட். கம்ப்யூட்டருக்கோ மூன்று முள் பிளக். எட்டு மாதத்துக்கு முன்னால், எலக்ட்ரீஷியன் வரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று நானே ஒரு இரண்டு முள் எக்ஸ்டென்ஷன் பெட்டியை வாங்கி அதில் மாட்டியிருந்தேன். எர்த் இல்லாததால் பெட்டியின் தகரத்தில் மெல்லிய மின்கசிவு வரும், விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

“எர்த் இல்லாத பொட்டியில எல்லாம் அப்படித்தாம்மா இருக்கும். ஒண்ணும் ஆவாது, வேலையப் பாருங்க” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நோட்டில் தேதி போட்டு, ‘டேக் பிரிவு, லேசான ஷாக், ஒன்றுமில்லை’ என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். அதே கதவோரம், அதே வார்த்தை. “சார், இன்னும் லேசா இருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்கர் காகிதம் சிக்கியதற்கே பிரிண்டர் தீப்பிடித்துக்கொண்டது என்று ஊரைக் கூட்டுகிறவர். அந்த ஊர்க்கூட்டத்துக்கு நடுவே ‘லேசா’ என்று ஒருத்தி வந்து நின்றால், என் தள்ளுபடி போக அதில் என்ன மிஞ்சும்?

“லேசாதானே இருக்குது? பலமா ஆனதும் வந்து சொல்லுங்க” என்றேன்.

பெரிய நகைச்சுவை என்று நினைப்பு எனக்கு. அவளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனாள். நோட்டில் முந்தைய வரிக்குக் கீழே மேற்படிக் குறி இரண்டு போட்டு வைத்தேன். அதைவிடக் கேவலமான ஒரு எழுத்தை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை.

மூன்றாவது தடவை அவள் வந்தது அக்னி நட்சத்திரத்தின் முதல் வாரத்தில், ஒரு காலை நேரம். நான் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தேன். கதவோரம் வந்து நின்றாள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது என் கண்ணில் பட்டது. பட்டும் நான் போனை வைக்கவில்லை. அப்புறம் என்று கையால் சாடை காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். அதை நோட்டில் எழுதவில்லை.

அன்று பதினொரு மணி வாக்கில் நான் முதலாளி அறையில் இருந்தேன். அவர் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடைக்கவில்லை. மோடத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் டீ வந்திருந்தது. இன்டர்காம் அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு, உன்னைத்தான் என்று என்னிடம் நீட்டினார். கணக்கர்.

“தம்பி, டேக் எடத்துல செத்துடுச்சுபா! ஜல்தி வா!”

“இதோ வரேண்ணா” என்று வைத்துவிட்டேன். முதலாளி “இன்னாவாம்?” என்றார். “வழக்கம்போல செத்துடுச்சாம்” என்றேன். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மோடத்தில் வேலை பாதியில் நின்றிருந்தது. அதை முடித்தேன். டீ ஆறிவிடும் என்று அதையும் குடித்தேன்.

இன்டர்காம் மறுபடி அடித்தது. எடுத்தவர் முதலாளி. எதிர்ப்பக்கம் பேசுவதற்குள், “வந்துகினே இருக்கான்யா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்ன வயதுப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது ‘அந்தப் பொண்ணு வந்துச்சு, சாப்டுச்சு, தூங்கிடுச்சு’ என்றுதான் சொல்வோம். பாசத்தில் சொல்வது அது. கம்ப்யூட்டருக்கும் அதே ‘வந்துச்சு’, அதே ‘போச்சு’தான். கணக்கர் பதற்றத்தில் ‘பொண்ணு’ என்ற வார்த்தையை விட்டுவிட்டார். அவர் சொன்ன ‘செத்துடுச்சு’ எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நூறு தடவை கேட்ட சொல், நூற்றியோராவது தடவை அர்த்தம் மாறும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

நிதானமாகப் படி இறங்கினேன். முதல் மாடியில் ஒருவரையும் காணோம். புடவைகள் பிரித்தது பிரித்தபடி கிடந்தன. மீதிப் படிகளை எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

கீழே எல்லோரும் டேக் மேஜையைச் சுற்றி நின்றார்கள். சத்தமே இல்லை. அந்தப் பெண் தரையில் கிடந்தாள். புடவை மடிக்கும் ஓர் அம்மா அவள் தலையை மடியில் வைத்துப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். கணக்கர் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“உன்னத்தான்பா கூப்ட்டுகினு கீறேன்.”



நடந்தது இதுதான். அச்சடிக்கும் சீட்டுச்சுருள் ஒன்று மேஜைக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. அதை எடுக்க அவள் கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்திருக்கிறாள். காலையில் தண்ணீர் விட்டுத் துடைத்த மொசைக் தரை, வெறுங்கால், வெயிலுக்கு வேர்த்த கை. பிடித்த கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கத்தக்கூட முடியவில்லை. எதிர் மேஜையில் இருந்த கணக்கர் மட்டும் அவள் முகம் கோணுவதைப் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் என்ன ஏது என்று திரும்புவதற்குள், ஷாக் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற அந்த மனிதர் ஹவாய் செருப்போடு ஓடிப்போய்ச் சுவரிலிருந்த ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். நான் மாட்டியிருந்த இரண்டு முள் பிளக் தொளதொளவென்று இருந்ததால் ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். மூச்சு இருப்பது தெரியவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்து அவர் போனுக்கு ஓடியிருக்கிறார். முதலாளியின் வேன் வாசலில் நின்றது, சாவி மேலே முதலாளியிடம். அதற்காகத்தான் இரண்டாவது தடவை போன் செய்திருக்கிறார். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது போனும் பலிக்காமல் போகவே யாரோ ஆட்டோவுக்கு ஓடியிருந்தார்கள். நான் இறங்கி வந்த நேரம் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. தூக்கிக்கொண்டு ஓடினோம். மார்க்கெட் தாண்டும்போது அவள் கண் திறந்தாள். அவள் முதலில் சொன்னது ‘அம்மா’. அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு உள்ளங்கையிலும் தீக்காயம். இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும், இரண்டு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். ஒயரை இழுத்தவர் யார் என்று கேட்டார். கணக்கரைக் காட்டினோம். “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்றார். கணக்கர் ஆஸ்பத்திரி வாசலில் ஹவாய் செருப்போடு நின்றுகொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

சாயங்காலம் அலுவலகம் திரும்பியதும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே கரண்ட் வருகிற தகரக் கூட்டுக்குள், காற்றாடி இழுத்துப் போட்ட பட்டுப் பிசிறு திரி திரியாக அடைந்திருந்தது. அதற்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சரிகை இழை. சரிகை வெறும் நூல் இல்லை. பட்டு நூலின் மேல் மெல்லிய உலோகத்தைச் சுற்றியது. அந்த இழையின் ஒரு முனை கரண்ட் வரும் இடத்தையும், மறுமுனை தகரத்தையும் தொட்டுக்கொண்டிருந்தது. எறும்பு ஊர்ந்த இடத்தில் முழுக் கரண்டும் வந்ததற்கு அதுதான் காரணம். எர்த் இருந்திருந்தால் அப்போதே ஃபியூஸ் போயிருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எர்த் இல்லாமல் செய்தவன் நான். எட்டு மாதமாகப் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யாதவனும் நான். பட்டுப்புடவை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு சரிகையைப் பற்றி யோசிக்காத முட்டாளும் நானேதான்.

இது அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு யாருக்கும் விஷயம் தெரியாது. அவர்கள் பேசிக்கொண்டது வேறு. “ஈரக்கையோட தொட்டிருக்கும்.” “ஊர்ப்பக்கத்துப் பொண்ணு, இன்னா தெரியும் பாவம்.” முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வதாக உடனே சொல்லிவிட்டார். ஆனால் கூடவே, “இந்த வேலை அதுக்கு ஒத்துக்காது போல. உடம்பு தேறினாலும் வூட்லயே இருக்கச் சொல்லிடலாம். வேற ஆளப் பாருங்க” என்றும் கணக்கரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன், அன்று பஸ்ஸில் வீடு போகும்வரை அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

“என் தப்புதான் சார். கை வேர்த்திருந்துச்சு. தொடச்சிட்டுத் தொட்டிருக்கணும். பொட்டிக்கு ஒண்ணும் ஆவலியே?”

அவளே தொடர்ந்தாள். “வேற ஆளு போட்டுடுவாங்களா சார்? நீங்க முதலாளிகிட்ட சொல்லுங்க. இனிமே ஜாக்கிரதையா இருப்பேன்னு சொல்லுங்க.”

அப்போது என்னை மீறி ஒரு கேள்வி வந்துவிட்டது. குற்றவாளி கேட்கக்கூடாத கேள்வி. “ஏம்மா, முன்னயே பலமா அடிச்சுதா?”

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“ரெண்டாவது வாட்டி வந்தேனே, அன்னிக்கே முழங்கை வரைக்கும் இழுத்துச்சு சார்.”

“அப்புறம் ஏன் லேசான்னு சொன்னீங்க?”

பதில் சொன்னது அவள் அம்மா. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கோபம் இல்லாமல், ஏதோ சமையல் விஷயம் சொல்வதைப் போலச் சொன்னார்.

“எங்களுக்கு அதுதான் தெரியும் சாமி. நெறைய நோவுதுன்னு சொன்னா, நாளைக்கு வராத, வேற ஆளு வருதுன்னுடுவாங்க. சொல்லாமயும் இருக்க முடியாது பாரு. அதான் லேசான்னு சொல்றது. காது இருக்கறவங்களுக்குக் கேக்கும்.”

அந்த அம்மா என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு நோட்டைப் பற்றியும் தெரியாது, நான் அடித்த நகைச்சுவையைப் பற்றியும் தெரியாது. தெரியாமல் சொன்னதால்தான் அது இவ்வளவு ஆழமாக இறங்கியது. நான் எல்லார் பேச்சையும் ஒரே அளவுகோலால் அளந்துகொண்டிருந்தேன். பத்து மடங்கு பெருக்கிச் சொல்கிறவரிடமும் ஒன்பது பங்கைக் கழித்தேன், தானே ஒன்பது பங்கைக் கழித்துவிட்டு மீதியைச் சொன்னவளிடமும் ஒன்பது பங்கைக் கழித்தேன். கடைசியில் அவள் சொன்னதில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகம் போனேன். நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் ஒரு நொடி வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். கிழிக்கவில்லை. முதலாளி அறைக்குப் போய், அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மேஜையில் வைத்தேன். சரிகை இழையை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன், அதையும் பக்கத்தில் வைத்தேன். கணக்கரும் அங்கே இருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கை மாற்றியது, எட்டு மாதம் விட்டது, அவள் வந்து நின்றது, நான் சிரித்தது. முதலாளி அந்த இரண்டு வரியின் மேல் விரலை வைத்துப் படித்தார்.

“ரெண்டு வாட்டி சொல்லிகீது.”

“மூணு வாட்டிங்க. மூணாவது வாட்டிய நான் எழுதல.”

அவர் நோட்டை மூடினார். என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “நானும்தானே சிரிச்சேன்” என்றார். பிறகு எலக்ட்ரீஷியனை உடனே வரச் சொல், எல்லாத் தளத்திலும் எர்த் போட்டு முடிக்கும்வரை ஒரு பெட்டியையும் யாரும் தொடக்கூடாது என்றார். முகூர்த்தப் புடவை நிற்குமே என்று கணக்கர் இழுத்தார். “நிக்கட்டும்” என்றார். வேறு ஆள் பார்க்கும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் தானே போய், கை ஆறினதும் வரட்டும், அவளுக்கான இடம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கணக்கர்தான் அதற்கப்புறம் மாறிப் போனார். “நாளுக்கு நாலு வாட்டி செத்துடுச்சு செத்துடுச்சுன்னு கத்துனா நீ இன்னாபா பண்ணுவே, என் வாயும்தான் காரணம்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். உங்க கால்தானே அவளைக் காப்பாற்ற ஓடியது என்று சொன்னால் கேட்கமாட்டார். கொஞ்ச நாளைக்கு அவர் போன் செய்தால் எங்களுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். “தம்பி, சாவல. ஆனா ஓடல. நீ சாப்ட்டுட்டே வா” என்பார். நான் சாப்பிடாமலே ஓடுவேன். போய்ப் பார்த்தால் மானிட்டர் பட்டன்தான் அணைந்திருக்கும். எனக்கு ஒருநாளும் எரிச்சல் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வேலைக்கு வந்தாள். உள்ளங்கையில் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் மேஜைக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டிருந்தோம், சுவரில் புதிய மூன்று ஓட்டை பிளக் பாயின்ட். நான் அவள் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. “விடுங்க சார்” என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இனிமேல் எதுவாக இருந்தாலும் பலமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். ஆனால் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் வீட்டில் கற்றது, நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு நாளில் போய்விடுமா?

அதனால் நான்தான் மாற வேண்டியிருந்தது. தினமும் காலையில் வந்ததும் மூன்று தளத்துக்கும் போய், ஒவ்வொரு பெட்டியிலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொருவரிடமும் நின்று, எப்படி ஓடுகிறது என்று கேட்பேன். ‘நல்லாத்தான் சார் ஓடுது’ என்று சொன்னவர்களிடம் இரண்டாவது தடவையும் கேட்பேன். அந்த இரண்டாவது தடவையில்தான் பலபேர் வாய் திறந்தார்கள். நாற்காலி உடைந்திருப்பது, திரை மங்கிக் கண் எரிவது, காற்றாடி சத்தத்தில் தலைவலி வருவது என்று ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

ஆரணியை விட்டு வந்து பல வருடங்களாகிவிட்டன. இப்போது சென்னையில் ஒரு அலுவலகத்தில் இதே வேலையைச் செய்யும் சிலருக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் பையன்கள் தங்களுக்கு வரும் புகார்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். உலகமே அழிந்துவிட்ட மாதிரி பேசுகிறார்கள் சார், போய்ப் பார்த்தால் ஒயர் கழன்றிருக்கிறது என்பார்கள். நானும் சிரிப்பேன், அது நல்ல சிரிப்புதான். கத்துகிறவர்களின் புகார் எப்படியும் என்னிடம் வந்து சேர்ந்துவிடும்; கதவோரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்க்கிறது.